ஆற்றுக்கு அக்கரை போன நீதிமன்றம்

வக்கீல் ஆசஹெல் டிங்லி எங்கள் ஊருக்கு வந்தபோது அவரிடம் இருந்தவை ஒரு கிழட்டுக் குதிரையும் மூன்று சட்டப் புத்தகங்களும்தான். ஒஹாயோ மாநிலமாகி ஐந்து வருடம்கூட ஆகவில்லை. மாவட்டத்துக்கே நீதிமன்றம் என் விடுதியின் மாடிதான்.

நீதிமன்றம் கூடும் அந்த வாரங்களை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. தெரு முழுக்கக் குதிரைகள், அடுப்பில் மான்கறி, ஆப்பிள் மது. ஒருமுறை, பன்றி யாருடையது என்ற வழக்கில், டிங்லி அந்தப் பன்றியையே மாடிக்கு ஏற்றிவிட்டார். யார் கூப்பிட்டால் அது போகிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. அது நேரே நீதிபதியின் சாப்பாட்டுப் பையை நோக்கிப் போனது.

தொடர்ந்து மூன்று தேர்தலிலும் அவரையே சட்டசபைக்கு அனுப்பினோம்.

ஒரு மார்ச் மாதம் அக்கரையிலிருந்து சாட்சி சொல்ல வந்த கெசையா பிராட் என்ற விதவை, ஆற்று வெள்ளத்தில் வண்டியோடு அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனாள். அவளை வரச்சொன்னவர் டிங்லி. மாவட்டத்து ஜனங்களில் பெரும்பாலோர் அக்கரையில்தான் இருந்தார்கள். அந்த வருடமே நீதிமன்றத்தை அக்கரைக்கு மாற்றும் தீர்மானம் சட்டசபைக்கு வந்தது. டிங்லி அதை ஆதரித்து ஓட்டுப் போட்டார்.

ஊர் திரும்பியவரை என் விடுதியில் கொல்லன் எல்நாதன் மறித்தான்.

"எங்க ஓட்டுல போயி எங்க தலையிலயே மண்ண வாரிப் போட்டுட்டீங்களே வக்கீலய்யா, நல்லாருக்கா?"

"கெசையாம்மாவ கரைக்குத் தூக்கிட்டு வந்தது யாரு எல்நாதன்? நீயும் நானும்தானே?"

"அதுக்கு ஒரு பாலம் கேக்கறது!"

"சட்டசபைல மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் சிரிச்சாங்க."

நான் வாய் திறந்தேன். "அப்போ என் பொழப்பு?"

"அடிபடும், ஜேரட். தெரிஞ்சேதான் செஞ்சேன்" என்றார். என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

அடுத்த தேர்தலில் ஊரில் அவருக்கு விழுந்தவை பத்தொன்பது ஓட்டுகள். என்னுடையது அதில் இல்லை. அவர் அக்கரைக்குக் குடிபெயரவில்லை. எங்கள் வழக்குகளுக்காகவே ஆற்றைக் கடந்து போய்வந்தார். எல்நாதனின் வேலித் தகராறையும் அவர்தான் ஜெயித்துக் கொடுத்தார். எல்நாதன் நன்றி என்று ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவர் குதிரைக்கு லாடம் தேய்வதற்குள் தானே வந்து மாற்றிவிட்டுப் போவான்.

பன்னிரண்டு வருடம் கழித்து, ஆறு உறைந்திருந்த ஜனவரியில் டிங்லி காலமானார். அக்கரை ஜனங்கள் பனிக்கட்டியின் மேல் நடந்து வந்தார்கள். சவப்பெட்டியின் முன்பக்கம் எல்நாதன் ஒரு தோள் கொடுத்தான், நான் ஒரு தோள்.