நெல்லிக்காய் ஜூஸை நம்பி இருந்துவிட்டேன்

திண்டிவனத்தில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. மனைவி தனத்துக்கு மட்டும் பரிசோதனை செய்தோம். அவளுக்குக் குறையில்லை என்று தெரிந்த பிறகும் நான் போகவில்லை. நெல்லிக்காய் ஜூஸ் குடித்தால் ஈயம் உடம்பில் தங்காது, ஆண்மைக்கும் நல்லது என்று செல்போனில் பார்த்திருந்தேன். அதை நம்பி மாஸ்க் கூடப் போடாமல் உலையருகே நின்றேன்.

ஒருநாள் தனம் அழுததால் விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். சோதனைகள் செய்துவிட்டு, எனக்கு விந்தணுக்கள் மிகக் குறைவு, ரத்தத்தில் ஈயம் அதிகம் என்றார்.

"ஜூஸ் குடிச்சிக்கினுதானே சார் இருக்கேன்?" என்றேன்.

"நெல்லிக்காய் நல்லதுதான். தினமும் ஈயப்புகையை இழுத்தா அது என்னங்க பண்ணும்? வேலைத் துணியை யாரு துவைக்கிறாங்க?"

"நான்தாங்க" என்றாள் தனம்.

அவள் ரத்தத்தையும் சோதித்தார்கள். என் துணியில் ஒட்டி வந்த தூசியால் அதிலும் ஈயம் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

இப்போது உலையை விட்டு லோடு ஏற்றும் வேலைக்கு மாறிவிட்டேன். பட்டறையிலேயே குளித்து, துணியையும் நானே துவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். சொந்தக்காரர்கள் அவளிடம், "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்டால், "குறை எங்கிட்டதாங்க" என்று நானே முந்திக்கொண்டு சொல்கிறேன்.