மணல் பையும் மங்கள வார்த்தையும்

1995-ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் எனக்கு மாரடைப்பு வந்தது. அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. காரைக்குடியில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தேன். சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துச் சாரம் ஏறும்போது இடது தோள் இழுத்தது. சட்டியை இறக்கி வைத்தேன். பிறகு நினைவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அதற்கே ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது கனமான எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாங்கள் அதை எப்போதைக்கும் என்று எடுத்துக்கொண்டோம்.

மகன் சேவியருக்கு அரசாங்க வேலை. மருமகள் லூர்து ஆரம்பப் பள்ளி டீச்சர். இரண்டு பேரும் என்மேல் உயிராக இருப்பவர்கள். முதலில் குடம் என் கையை விட்டுப் போனது. பிறகு வாளி. பிறகு விளக்குமாறு. கடைசியில் நான் சாப்பிட்ட தட்டைக்கூட மருமகள் வாங்கிக்கொண்டாள். "நீங்க அசையாம இருங்கத்தே, அது போதும் எங்களுக்கு" என்பாள். அன்பாகத்தான் சொன்னாள். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பயமும் இருந்தது. எதையாவது தூக்கினால் நெஞ்சு நின்றுவிடும் என்று நானும் நம்பினேன்.

கட்டிலிலேயே கிடந்தேன். மாதங்கள் போயின. தொடை சுருங்கித் தோல் தொங்கியது. தண்ணீர்ச் செம்பை எடுத்தால் கை நடுங்கியது. கொல்லைக்குப் போய் வந்தால் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கினால் நெஞ்சுக்குத்தான் ஏதோ என்று படுக்க வைத்தார்கள். படுக்கப் படுக்க இன்னும் மூச்சு வாங்கியது.

எங்கள் கோயிலில் பெண்கள் தரையில் பாய் விரித்துத்தான் உட்காருவோம். உட்கார்ந்தால் என்னால் எழ முடியாது. பின்னால் கதவோரமாக நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எல்லோருடைய முதுகும்தான் தெரிந்தது. பிறகு பூசைக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் தவக்காலம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். கொல்லையில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அடிபடவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றினேன். கை மடங்கியது. சுவரைப் பிடிக்கத் தவழ்ந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது. கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வெயில் ஏறியது. காலில் எறும்பு ஏறியது. தட்டிவிட்டேன். மறுபடி ஏறியது. பிறகு தட்டவில்லை. சேலை நனைந்துவிட்டது.

என் காலமெல்லாம் பாரம் சுமந்தவள் நான். என்னை என்னால் தூக்க முடியவில்லை.

"ஆண்டவரே, எடுத்துக்கொள்ளும். இல்லை, எழுப்பிவிடும். தரையில் மட்டும் போட்டு வைக்காதேயும்" என்று வேண்டினேன். அதற்கு மேல் செபம் வரவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த மருமகள்தான் பார்த்தாள். அவளால் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு முத்தையா ஆசாரியையும் அவர் மனைவி மீனாட்சியையும் கூட்டி வந்தாள். ஆசாரி தச்சு வேலை பார்ப்பவர். அழுதுகொண்டிருந்த என்னை அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்.

"எம்புட்டோ தேக்கு நிலையைத் தூக்கியிருக்கேன்க்கா. ஒண்ணுகூட இப்படி அழுததில்லை" என்றார்.

மீனாட்சி அவரை முறைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் நிற்கவில்லை. பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி முருகன் கோயிலுக்கு நடந்து போகும்போது எனக்காகவும் வேண்டிக்கொள்வதாக மீனாட்சி சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்த வாரமே மகன் மதுரைக்குக் கூட்டிப்போனான். இதயம் முன்னைவிட மோசமாகவில்லை என்றார் டாக்டர். பிறகு ஏன் இப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. அவர் எங்களை இன்னொரு அறைக்கு அனுப்பினார். அங்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் இருந்தார். என் தொடையை அமுக்கிப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை.

"அம்மா, நெஞ்சால வந்தது பாதி, படுத்ததால வந்தது பாதி. படுத்ததால வந்ததைச் சரி பண்ணலாம்" என்றார்.

கைகாலில் பலம் இருந்தால் ஒவ்வொரு வேலைக்கும் இதயம் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லையாம். சின்னதாக ஒரு மணல் பையைக் கொடுத்தார். அதைத் தூக்கி இறக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

மகனுக்கு முகம் கறுத்துவிட்டது. "தூக்காதீகன்னு சொன்னதும் இங்கனதான். தூக்குங்கன்னு சொல்றதும் இங்கனதான். நாங்க எதைக் கேக்குறது?" என்றான்.

அவர் கோபப்படவில்லை. அது அப்போது, இது இப்போது என்றார்.

வீட்டுக்கு வந்து மணல் பையைத் தூக்கினேன். கண் இருட்டியது. நெஞ்சு அடைத்தது. மகன் பையைப் பிடுங்கிப் பரணில் போட்டான். கொல்லையில் கிடந்த அன்றுகூட நான் அப்படி உடைந்து போகவில்லை. எழுப்பிவிடும் என்று கேட்டேனே, இதுதானா பதில் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். செபமாலையைத் தொடவில்லை.

மறுபடி மதுரைக்குப் போனோம். டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு அதே அறைக்கு அனுப்பினார். அந்தப் பெண் தன் முன்னாலேயே, முதலில் கொடுத்ததைவிட லேசான பை ஒன்றைத் தூக்கச் சொன்னார். கையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"தம் கட்டுறீங்கம்மா" என்றார்.

உண்மைதான். சாந்துச் சட்டி தூக்குகிற எங்களுக்கு அதுதான் பழக்கம். மூச்சைப் பிடித்து ஒரே தூக்கு. இனி அது உங்கள் நெஞ்சுக்கு ஆகாது, தூக்கும்போது வாய்விட்டுப் பேசுங்கள் என்றார். பேசுகிறவர்களால் மூச்சைப் பிடித்து வைக்க முடியாதாம்.

"என்னத்தப் பேச?" என்று கேட்டேன்.

"தன்னால வாயில வர்றது எதுவோ, அதைப் பேசுங்க."

தன்னால் என் வாயில் வருவது ஒன்றுதான். மாதாவை வேண்டுகிற மங்கள வார்த்தை செபம். மெதுவாகச் சொன்னேன். பை மேலே போனது. சொல்லிக்கொண்டே இறக்கினேன். கண் இருட்டவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை தூக்கினேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

எல்லா நாளும் தூக்க முடிந்தது என்று சொன்னால் பொய். சில நாள் கட்டிலை விட்டு இறங்கவே பயம். சில நாள் ஒரு செபம் முடிவதற்குள் கை ஓய்ந்துவிடும். மருமகள் பக்கத்தில் நின்று கூடச் சொல்வாள். மீனாட்சி எட்டிப் பார்த்துக் கேலி செய்வாள்.

"என்னக்கா, மாதாவா வந்து தூக்கிவிடுறாக?"

"தூக்குறது நான்தான். அவுக மூச்சு விட வைக்கிறாக."

"அப்ப நான் முருகான்னு தூக்குறேன்" என்று அவளும் ஒரு பையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் வயது ஐம்பது தாண்டிவிட்டது.

1997 ஈஸ்டர் பூசைக்குப் போனேன். நாற்காலி வேண்டாம் என்றேன். பெண்களோடு பெண்ணாகப் பாயில் உட்கார்ந்தேன். நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். மருமகள் கை நீட்டினாள். நான் வாங்கவில்லை. ஒரு முட்டியை ஊன்றினேன். தொடையில் கையை வைத்தேன். மாதாவைக் கூப்பிட்டேன். நான் நிமிர்ந்தபோது சாமியார் பாதி வாசித்துவிட்டார். ஆனாலும் நின்றேன். மீதியை நின்றபடி கேட்டேன்.

என் இதயம் புதிதாகிவிடவில்லை. மாத்திரை உண்டு. சாரம் ஏறுவதில்லை. ஆனால் என் குடத்தில் பாதித் தண்ணீரை நானே எடுக்கிறேன். தரையில் உட்காருகிறேன், எழுகிறேன். எழுப்பிவிடும் என்று கேட்டேன். ஆண்டவர் கை கொடுத்துத் தூக்கவில்லை. எழக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு நன்றி.

படுத்திருக்கிற சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். ஆண்டவரைக் கேளுங்கள், வைத்தியரையும் கேளுங்கள். உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்பினால் படுத்திருப்பவர் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். வைத்தியரைக் கேட்டு, முடிந்த ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்.

— சூசையம்மாள், காரைக்குடி