பாதிக் கம்பத்தில் நின்ற கொடி

அது தேங்காய் நார்க் கயிறு. பிடித்துப் பிடித்து ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று கறுத்திருக்கும். இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்கு முன்னால் நின்ற கொடிக்கம்பத்தின் கயிறு. ஸ்டோர் காவக்காரர் வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

நான் அப்போது ஸ்டோருக்குள் கொழுந்து அரைக்கிற ரோலர் மிஷினில் வேலை. அந்தச் சத்தத்தில் பின்னாளில் என் காது போனது தனிக் கதை. வெள்ளைக்காரன் கொடி இறங்கிய நாள் என்று பெப்ரவரி நாலாம் தேதி எங்களுக்கு லீவு. கொடிக்கு உள்ள முறைகளைக் காவக்காரர் மாத்தளை அரசாங்கக் கச்சேரிப் பியூனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். பச்சைக் கோடும் காவிக் கோடும் கம்பத்துப் பக்கம் இருக்க வேண்டும். துணி மண்ணில் படக்கூடாது. பொழுது சாய்வதற்குள் இறக்கிவிட வேண்டும். "பச்சை முஸ்லிம் ஆளுகளுக்கு, காவி தமிழாளுக நம்மளுக்கு" என்று வருஷா வருஷம் சொல்லுவார். ஒரு பிரதமர் இறந்தபோது, அரைக்கம்பம் என்றாலும் கொடி முதலில் உச்சியைத் தொட வேண்டும் என்று காட்டியவரும் அவர்தான். இந்த நாட்டு ஆளாகப் பதிய, பிரஜா உரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு இரண்டு வருஷமாகத் தபாலுக்குக் காத்திருந்தார்.

அந்த வருஷமும் கொடி உச்சிக்குப் போனது. கைதட்டினோம். தட்டி முடிப்பதற்குள் கொடி மெல்ல இறங்கிப் பாதியில் நின்றது. காவக்காரர் முடிச்சுப் போட்டார்.

தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் சிரித்தார். "என்னா காவக்காரரே, கயிறு வழுக்கிருச்சா, காலையிலயே ஊத்திட்டீங்களா?"

எங்களில் சிலரும் சிரித்தோம். காவக்காரர் சிரிக்கவில்லை.

"யாரு செத்தது?" என்றார் கிளாக்கர், குரல் மாறி.

"நாந்தாங்க ஐயா." காவக்காரர் சட்டைப் பையிலிருந்து, தபாலில் வந்த கடுதாசியை எடுத்து நீட்டினார். "நான் இந்த நாட்டாளு இல்லையாம்."

அவர் பிறந்தது ஸ்டோருக்குக் கீழே இருக்கிற லயத்து வரிசை வீட்டில். அவர் அப்பா பிறந்ததும் அங்கேதான், அதற்குத்தான் பிறப்புப் பதிவுக் கடுதாசி இல்லை. என் அப்பாவுக்கும் இல்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். யாருடைய அப்பாவுக்கு இருந்தது? அரைக்கம்பம் பார்த்திருக்கிறேன். உயிரோடு நிற்கிற ஆளுக்காக அதுவரை பார்த்ததில்லை.

கொடியை மறுபடி ஏற்றும்படி கிளாக்கர் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் காவக்காரர் வந்தார். பாதியிலிருந்து அப்படியே இறக்கவில்லை. முறைப்படி உச்சிவரை ஏற்றி, பிறகுதான் இறக்கினார். மண்ணில் படாமல் மடித்துக் கொண்டுபோனார்.

இப்போது அதே இடத்தில் இரும்புக் கம்பம், நைலோன் கயிறு. எனக்கும் இந்த நாட்டு அடையாள அட்டை இருக்கிறது. ஆனாலும் கொடி ஏறினால், உச்சியிலேயே முடிச்சு விழும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.