ஆலுவா கல்யாணத்து வெள்ளைக் கறை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பிலிம் கேமரா பழுது பார்க்கும் ஷம்சியாவுக்கு மறதி என்பதே கிடையாது, அதிலும் தன் பெயரைக் கெடுத்தவர்கள் விஷயத்தில். ராவுத்தர் வீட்டுப் பெண்; எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் பழைய கேமராக்களில் பித்துப் பிடித்து, வீட்டில் சண்டை போட்டுக் கடை வைத்தவள். இரண்டு வருஷமாக அவள் பாண்டித்துரைமேல் கறுவிக்கொண்டிருந்தாள்.

அவன் பள்ளுருத்தியில் இருக்கும் கல்யாண போட்டோகிராபர். பிலிம் மறுபடி மவுசாகிவிட்டதில் அவன் காட்டில் மழை. அவன் கேமராவின் பின்மூடி ஓரத்தில், வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்புப் பஞ்சு நைந்திருந்தது. ஷம்சியா மாற்றிக் கொடுத்தாள். அடுத்த மாதம் ஆலுவாவில் ஒரு கல்யாணம். பாதிப் படங்களில் மணப்பெண் முகத்தில் வெள்ளையாக ஒரு கறை. பெண் வீட்டார் சட்டையைப் பிடித்ததும் பழியைத் தூக்கி ஷம்சியா தலையில் போட்டான். அவள் ஒட்டிய பஞ்சு வழியே வெளிச்சம் கசிகிறதாம். அதோடு விட்டானா? கொச்சி பிலிம்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் படங்களைப் போட்டு, அவளிடம் யாரும் கேமரா கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னான். அத்தனை பேரும் நம்பினார்கள். அவள் மிக்ஸி மோட்டார் கழற்றிப் பிழைத்தாள். நினைத்தால் இப்போதும் வயிறு எரியும்.

அதே பாண்டித்துரை போன வாரம் கடை வாசலில் வந்து நின்றான். வேறு ஆட்களிடம் பஞ்சை மாற்றியும் கறை போகவில்லை. போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலைப் படமெடுக்கும் வேலையும் அவனுக்கு வந்திருக்கிறது.

ஏச்சு வாங்கத் தயாராக வந்தவனிடம், ஆலுவா கல்யாணத்து நெகட்டிவைக் கொண்டுவா என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்தான். ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. படத்தில் வெள்ளையாக விழுவது நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும். பின்மூடி வழியே வெளிச்சம் புகுந்திருந்தால், பிலிமின் ஓரத்துத் துளைகள் வரைக்கும் கறுத்திருக்கும். இங்கே ஓரம் சுத்தமாக இருந்தது. கறை படத்துக்குள்ளேயே நின்றது. குரூப்பில் அவன் போட்டதெல்லாம் ஓரம் வெட்டிய படங்கள்.

லென்ஸைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். கறுப்பாக இருக்க வேண்டிய உட்சுவர் விளக்கிய பாத்திரம் போல மின்னியது. ஜன்னலைப் பார்த்து எடுத்த போதெல்லாம், லென்ஸ் வழியே வந்த வெளிச்சம் அதில் பட்டுச் சிதறியிருக்கிறது. கறுப்பு எங்கே போயிற்று என்று கேட்டாள். மழையில் பூஞ்சை பிடித்ததாம். ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தானாம். எப்போது? ஆலுவா கல்யாணத்துக்கு முந்தின வாரம். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

“அப்போ என் பஞ்சு?”

“அதுல ஒண்ணும் இல்ல, இத்தா. தப்பு என்னோடது.”

“எங்கிட்ட சொல்லி என்ன காரியம்? அந்தக் குரூப்பில சொல்லு, சேட்டா. எழுத வேண்டாம், வாயால சொல்லு.”

பூசி மெழுகப் பார்த்தான். அவள் அசையவில்லை. கடைசியில் போனை வாயருகே பிடித்து, பூஞ்சையிலிருந்து ஸ்பிரிட் வரை ஒன்றுவிடாமல் சொல்லி, அவள் பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேட்டான். கேட்கக் கேட்க அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை.

கேமரா என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டான். உள்ளே கறுப்பு பூசுவது அவளுக்கு ஒரு மதியத்து வேலை. லென்ஸைத் திருகி மாட்டி, கேமராவை அவன் கையிலேயே வைத்தாள்.

“கோளாறு என்னன்னு பார்த்தாச்சு. சரியாக்கித் தரேன்னு நான் எப்போ சொன்னேன்?”

அவன் படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். இரக்கம் துளியும் வரவில்லை. வரவழைக்க அவள் முயலவும் இல்லை.