மச்சானின் எக்கவுண்ட் மூடப்பட்டபோது

1. அன்பளிப்பு

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்களுக்குப் பயிற்சி தந்தவர், இனி உங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள், அலுத்துப்போகக் கூடாது என்றார். எனக்கு ஒரு கிழமைக்குள்ளேயே அலுத்துவிட்டது.

ஒரு வெளிநாட்டு கேம் கம்பனிக்காக, கொழும்பிலுள்ள ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊடாக, கல்முனையில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். அந்த கேமில் பூதங்களை அடித்து விழுத்தினால் வாள், கவசம், மோதிரம் என்று ஏதாவது கிடைக்கும். நல்ல ஐட்டம் கிடைப்பது அபூர்வம். விளையாடுகிறவர்கள் அவற்றைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், கேமுக்குள் இருக்கும் பொற்காசுக்கு விற்கலாம். உண்மையான காசுக்கு விற்கக் கூடாது. ஆனால் வெளியே அதற்கென்றே ஒரு சந்தை நடக்கிறது. விற்றவரும் வாங்கியவரும் பிடிபட்டால் எக்கவுண்ட் மூடப்படும். மூடப்பட்டவர் அப்பீல் எழுதுவார். அதை வாசித்து, யார் யாருக்கு எதைக் கொடுத்தார் என்ற லொக் பதிவைப் பார்த்து, திறப்பதா இல்லையா என்று முடிவு சொல்வதுதான் எங்கள் டீமின் வேலை.

பயிற்சியாளர் சொன்ன அந்தப் பொய் இதுதான்: நண்பன் அன்பளிப்பாகத் தந்தான். அதுவரை ஒரு சொல் பேசியிராத ஒருவன் வருவானாம், கேமிலேயே விலை கூடிய வாளைக் கையில் கொடுப்பானாம், ஒன்றும் வாங்காமல் போய்விடுவானாம். அந்த நண்பனின் பெயர் என்னவென்று ஒருவரிடம் கேட்டு எழுதினேன். மறந்துவிட்டது என்று பதில் வந்தது. இதை வாசித்துத்தான் நான் சம்பளம் எடுக்கிறேன்.

2. ஒரு பட்டன்

நான் செய்வது ஒன்லைன் வேலை என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியாது. எந்த கேம் என்று வெளியில் சொல்லக் கூடாதென்பது கம்பனியின் கட்டளை. பக்கத்து வீட்டில் என் மூத்த சகோதரி, ராத்தா, இருக்கிறார். அவருடைய கணவர் ரிஸ்வான் மச்சான் கத்தாரில் இருந்து திரும்பி வந்த பிறகு அவரும் ஒன்லைன் வேலைதான். கேமில் விற்று வாங்குகிறார் என்று அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். கேம்கள் எத்தனையோ இருக்கின்றன, நான் மேலே விசாரிக்கவில்லை. என் உம்மா மட்டும் போகிற இடமெல்லாம், ரெண்டு பேரும் ஒரே வேலதான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில், தங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மச்சானும் ராத்தாவும் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிற்கதவால் வந்தார்கள். மச்சானின் முகம் செத்துப்போயிருந்தது. எக்கவுண்டை மூடிவிட்டார்களாம். சேர்த்து வைத்த ஐட்டம் முழுவதும் அதற்குள்ளே. மேல்வீடு கட்டிக்கொண்டிருந்ததே அந்த வருமானத்தில்தான். போனை நீட்டினார். அதில் எங்கள் கேமின் சின்னம்.

என் மேசையில் கம்பனி அனுப்பிய தேநீர்க் கோப்பை இருந்தது. அதிலும் அதே சின்னம். எடுத்து மறைக்கலாம் என்று நினைப்பதற்குள் மச்சான் பார்த்துவிட்டார். முகம் அப்படியே மலர்ந்தது.

"நீ அங்கயா வேல செய்யிற? அப்ப நல்லதாப் போச்சி புள்ள. ஒரு பட்டனத் தட்டி விடன்."

அப்படி ஒரு பட்டன் இல்லை என்றேன். அவருடைய ஃபைலை நான் திறந்தாலே அது பதிவாகும், என் வேலை போகும் என்றேன். மச்சானுக்கு அது காதில் விழவேயில்லை. தான் களவெடுத்தாரா என்று கேட்டார்.

"கடல் என்ட இல்லதான். ஆனா நான் பாடுபட்டுப் புடிச்ச மீன் என்டதானே? அத விக்கிறத்துக்கு இவனுகள் ஆரு?"

வெளிச் சந்தையால் கேமுக்குள் விலை ஏறி, சும்மா விளையாடுகிறவன் ஒரு மோதிரம்கூட வாங்க முடியாமல் போகிறது, வாங்குகிறவர்களில் சிலர் களவெடுத்த கார்ட்டில் காசு கட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாரோ செய்ததற்குத் தனக்கா தண்டனை என்றார்.

அன்றைக்கே மேலதிகாரிக்குச் சொன்னேன். நேர்மைக்கு நன்றி என்றார். அந்த எக்கவுண்டை நான் பார்க்க முடியாதபடி பூட்டினார். அதோடு விட்டிருக்கலாம். அப்பீல் முடியும்வரை அந்த நபரோடு தொடர்பில்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். அவர் வீட்டில் சமைக்கும் குசினிக்கும் என்னுடைய குசினிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் என்றேன். முயற்சி செய்யுங்கள் என்றார்.

3. அப்பீல்

அதற்குப் பிறகு என் வீடு மனு வாங்கும் ஒரு கந்தோராக மாறியது. உம்மா அழுதார், குடும்பத்துக்கு உதவாத வேலை எதற்கு என்று கேட்டார். மச்சான் யாரிடம் சொன்னாரோ தெரியாது, மருதமுனையிலிருந்து ஒருவர் பேஸ்புக் திறக்கவில்லை என்று வந்தார். சம்மாந்துறையிலிருந்து வந்த ஒரு பெண்மணி, பேங்க் கார்ட் மெஷினுக்குள் மாட்டிக்கொண்டது, எடுத்துத் தரச் சொன்னார். அது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிப்போனது.

மச்சானுக்கு நான் சொன்னது ஒன்றுதான். யார் கேட்டாலும் சொல்லக்கூடியதை அவருக்கும் சொன்னேன்: செய்ததைச் செய்தேன் என்று எழுதுங்கள், பொய் மட்டும் எழுத வேண்டாம். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். போய், ஆங்கிலம் படிப்பிக்கும் ஒரு டியூஷன் மாஸ்டரைப் பிடித்து அப்பீலை எழுதுவித்தார். அனுப்பிய பிறகு என்னிடம் வாசித்தும் காட்டினார். கம்பனியைப் புகழ்ந்து ஒரு பந்தி. அடுத்த பந்தியில், அந்த ஐட்டங்களெல்லாம் ஒரு நண்பன் அன்பளிப்பாகத் தந்தவை.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்பீலைப் பார்த்தது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நிராகரித்தார்கள். நான்தான் நிராகரித்தேன் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். ராத்தா மதிற்கதவடியில் நின்று சொன்னார்:

"தங்கச்சி உள்ளுக்கு இரிக்கக்குள்ள என்ட மாப்பிள்ளையக் கள்ளன் எண்டு வெளிய போட்டிருக்காங்க. நீ எனக்கு என்னத்துக்கு?"

அவர் கத்தவில்லை. கதவைச் சாத்தி அந்தப் பக்கமிருந்து கொண்டி போட்டார். அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை.

4. புது சீசன்

அந்த கேமில் சில மாதங்களுக்கு ஒருமுறை புது சீசன் வரும். எல்லாரும் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன சீசன் ஐட்டங்களைப் பிறகு அநேகமாக யாரும் தேட மாட்டார்கள். எனக்கு இது தெரியும், மச்சானுக்கும் தெரியும். ஆனால் கொதித்துக்கொண்டிருந்த வீட்டில் அதை யார் நினைத்தோம்?

புது சீசன் தொடங்கிக் கொஞ்ச நாளில், சந்தியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சிரித்த முகத்தோடு வந்தார்.

"அந்தப் பழசு கெடக்கட்டும் புள்ள. அதுக்கெல்லாம் இப்ப வெலயுமில்ல. நான் புது எக்கவுண்ட் ஒண்டு திறந்திட்டன்."

கையிலிருந்த மீன் பையால் அவருக்கு ஒன்று போடலாமா என்று வந்தது. என்னிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். ஏனென்றால் மூடப்பட்டவர் வேறு எக்கவுண்ட் திறப்பதும் தடை, இப்போது இதையும் நான் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். அந்த எக்கவுண்டின் பெயர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, கேட்கவும் மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றார். இத்தனை மாதங்களில் யாரிடமிருந்தும் நான் கேட்ட ஒரேயொரு நிம்மதியான வார்த்தை அதுதான்.

எங்கள் ஊரில் இப்போது பல பிள்ளைகள் வீட்டிலிருந்தே இப்படியான வேலைகளைச் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் சம்பளத்தை வீட்டில் கொடுக்கும்போதே, உங்கள் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கேட்கும் முன் சொன்னால் அது வேலையின் சட்டம். கேட்ட பிறகு சொன்னால் அது உங்களுடைய கல்மனசு.

ராத்தா போன நோன்பு மாதத்தில்தான் மறுபடி வந்தார். பின்னேர அஸர் தொழுதுவிட்டு, நோன்பு திறக்க வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கொண்டி கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் நின்றபடியே கேட்டார்.

"புதிசயும் மூடப் போறாங்களா?"

"எனக்குத் தெரியா ராத்தா. தெரிஞ்சாலும் சொல்ல ஏலா."

அவர் நம்பவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. பிறகு என் கையிலிருந்த கத்தியை வாங்கி, நான் தடிப்பாக நறுக்குகிறேன் என்று குறை சொல்லிக்கொண்டு, மிச்ச வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினார்.