பெரியப்பாவின் செட்டும் என் ஹோம் தியேட்டரும்

அபிஷேகப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்ததே நான் அழுது புரண்டதால்தான். வாங்கிய மூன்றாம் நாளே அது என் கையைவிட்டுப் போனதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் அப்பாவும் மாமாவும் செய்த வேலை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. வில்லியனூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்ததால், ஒயர் உள்ள எதுவும் தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவருக்கு. ஹாலில் ஏற்கெனவே ஒரு ஸ்டீரியோ செட் இருந்தது. பிரான்சில் இருக்கும் பெரியப்பா தன் முதல் சம்பளத்தில் வாங்கி, அப்பாவை நம்பி விட்டுவைத்திருந்த ஆம்ப்ளிஃபயரும் என் உயரத்துக்கு இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும். ஞாயிறுதோறும் போன் செய்வார். நாங்கள் சாப்பிட்டோமா என்பதற்கு முன்னால், செட்டு பாடுகிறதா என்றுதான் கேட்பார்.

புதிதில் ஐந்து ஸ்பீக்கர், பழையதில் இரண்டு, சேர்த்தால் ஏழாகும் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். வேண்டாம் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். யார் கேட்டது? புதிதில் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை எடுத்து, பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் கண்ணில் பட்ட ஓட்டையில் சொருகினார் மாமா. பல்லவி முடிவதற்குள் உள்ளேயிருந்து புகை வந்தது. பாண்டிச்சேரிக்குத் தூக்கிப்போய்க் காட்டினார்கள். இதற்கெல்லாம் இனி ஸ்பேர் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பா லீவில் வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அப்பாவுக்கு வாய் வரவில்லை. அவரைப் படிக்கவைத்து, கல்யாணம் பண்ணிவைத்து, இந்த வீட்டையும் கட்டிக்கொடுத்தது பெரியப்பா. அவர் நம்பிக் கொடுத்த ஒரே பொருளைக் கொளுத்திவிட்டு எந்த முகத்தோடு எதிரில் நிற்பது என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கும் மாமாவே வழி கண்டுபிடித்தார். என் புது ஸ்பீக்கர்களில் இரண்டை மரப்பெட்டிகளுக்குள் ஒளித்துவைத்தார். மிச்சம் மூன்றும் பரணுக்குப் போயின. ரிமோட்டுக்கு வேலை செய்கிற வூஃபர் பெட்டி ஹாலில் கிடந்த கட்டிலுக்கு அடியில் போனது. ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு குட்டி சீரியல் பல்பு. பெரியப்பா வந்து போகும்வரை யாரும் எதையும் தொடக்கூடாதாம்.

"இன்னா மாமா இது, எனக்கு வாங்கினதுதான?" என்று கேட்டேன்.

"சும்மா இரு பாப்பா. உங்கப்பா மானம் போவுது."

மானத்தைப் புகையாக்கியவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

பெரியப்பா வந்தார். சாப்பாடு முடிந்ததும் செட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா ஸ்விட்சைப் போட்டார். பல்பு எரிந்தது, பாட்டும் வந்தது. பெரியப்பா குமிழைத் திருகும்போதெல்லாம், கதவோரம் நின்ற மாமா துண்டுக்கு அடியில் பிடித்திருந்த ரிமோட்டைக் கட்டில் பக்கம் நீட்டி அமுக்கினார். சத்தம் ஒரு நொடி தாமதமாகக் கூடியது. அப்பாவுக்கு வேர்த்து ஊற்றியது.

பெரியப்பா ஆம்ப்ளிஃபயர் மேல் உள்ளங்கையை வைத்தார். இன்னும் இரண்டு பாட்டு ஓடி முடியும்வரை எடுக்கவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்து, "நல்லாத்தான் வெச்சிருக்கடா தம்பி" என்றார்.

மாமா எனக்குக் கண்ணடித்தார். பிரான்சிலேயே குப்பை கொட்டுகிற மனுஷர் இப்படியா ஏமாறுவார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் செட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்று அப்பா நிம்மதியானார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருஷம் என் கணவர் எங்கிருந்தோ ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரை வாங்கிவந்தார். வேறெதற்கு, எங்கள் டிவி ஸ்பீக்கரோடு சேர்க்கத்தான். என் தலையெழுத்து. நாலைந்து பாட்டு ஓடியிருக்கும். தூசி துடைக்கலாமென்று அதன் மேல் கை வைத்தவள் வெடுக்கென்று எடுத்துவிட்டேன். என்ன இப்படிச் சுடுகிறது, இதையும் கொளுத்திவிட்டீர்களா என்று கத்தினேன்.

பாடுகிற ஆம்ப்ளிஃபயர் சுடத்தான் செய்யும், சில்லென்று இருந்தால்தான் அது பாடவில்லை என்று அர்த்தம் என்றார் அவர்.