பதினொன்றாவது ரிப்போர்ட்

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று நிறையப் பேர் விசாரித்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை... எழுதக் கை வரவில்லை.

ஆயுத பூஜை அன்று காலை, திருத்தணியில் நண்பர் நடத்தும் ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போயிருந்தேன். நான்தான் சிறப்பு விருந்தினர்! எல்லா மெஷினையும் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைப்பதில்லை — அது அங்கே வழக்கம்.

மூலையில் சர்வர். பரிசோதனை முடிவுகளை ரிப்போர்ட்டாக்கி நோயாளிகளின் போனுக்கு அனுப்புவது அதன் வேலை. அதைப் பார்த்துக்கொள்ளும் சரளா மட்டும் யாரையும் கிட்டே விடவில்லை.

"உள்ள பதினோரு ரிப்போர்ட் ஓடிகினு இருக்குது சார். புதுசா வர்றத நிறுத்திட்டேன். உள்ள இருக்கறது முடியட்டும். அப்பறம் ரிப்போர்ட் அனுப்பற சர்வீஸ நிறுத்திட்டு, கடைசியாதான் சுவிட்ச்."

"எவ்ளோ நேரம்மா ஆகும்?" என்றேன்.

"பத்து நிமிஷங்க."

ராகு காலத்துக்கு நாலே நிமிஷம். குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். நண்பர் என்னைப் பார்த்தார். பெரிய மனுஷன் அல்லவா நான்? "கம்ப்யூட்டர்தானேம்மா... நாளைக்கு மறுபடி ஓடிட்டுப் போகுது!" என்று சுவிட்சை அணைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சரளா சிரிக்கவில்லை.

மறுநாள் சர்வரைப் போட்டதும் பத்து ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தன. பதினொன்றாவது? பாதியில் அறுந்த அதை 'அனுப்பியாச்சு' என்று சர்வர் குறித்து வைத்திருந்தது. சரளா ஒவ்வொன்றாகச் சரிபார்த்து அதைக் கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

பொதட்டூர்பேட்டை நெசவாளி ஒருவருடையது. டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் ரொம்பவும் குறைந்திருந்தன. சரளா பதறிப்போய் போன் போட்டபோது, அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்கப் போனேன். நான் யார் என்று அவர் மனைவிக்குத் தெரியாது.

"ஏதாவது இருந்தா உடனே மெசேஜ் வரும்னாங்க. வரல. அப்போ ஒண்ணும் இல்லன்னு, கஞ்சி குடுத்துகினு வூட்லயே வெச்சிகினு இருந்தேங்க..."

சொல்லிவிடத்தான் போனேன். சொன்னேனா? தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிட்டேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். இனி அந்த அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். இதை எழுதுவதை விட அது கஷ்டம்.

பூஜை மட்டும் நல்ல நேரத்திலேயே முடிந்தது.